சேரி இல்லாத புதுச்சேரி

“வரலாற்று நாவல் கதைதானே, அதில் போய் ஏன் சாதியைத் தேடுகிறீர்கள்?”

பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டு பாகங்களும் 2022, 2023-இல் வந்துபோன பிறகு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. ஊர்த்தெருப் பையன்கள் மட்டும் கேட்பதில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் காலனிகளிலிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகும் நம் மாணவர்களும் கேட்கிறார்கள். படம் பார்த்திருக்கிறார்கள், சிலர் ஐந்து பாகத்தையும் படித்தே முடித்திருக்கிறார்கள். வந்தியத்தேவனைப் பிடித்திருக்கிறது. பிடிப்பதில் தவறே இல்லை, நன்றாக எழுதப்பட்ட கதை அது.

அவர்களுக்கு என் பதில் இதுதான். சாதியை நாம் தேடிப் போகவில்லை தோழர்களே. கல்வெட்டில் இருந்த சாதியைக் கதை எழுதியவர்கள் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். எடுத்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. அந்தப் பள்ளத்தைத்தான் சுட்டிக் காட்டுகிறோம்.

கல்லில் இருக்கிறது, கதையில் இல்லை

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன், அந்தக் கோயிலுக்கு நெல் வரும்படி ஊர்களை எழுதிவைத்தான். எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதில் வரி இல்லாத நிலம் எவ்வளவு, மீதி நிலத்திலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். வரி கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் வரிசையில் பறைச்சேரி வருகிறது. கம்மாணச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. பறைச்சுடுகாடு என்று தனியாக வருகிறது.

இது யாரோ ஒரு மிஷனரி எழுதிய புத்தகம் இல்லை. இங்கிலீஷ்காரன் எடுத்த சென்சஸ் இல்லை. மாமன்னனின் சொந்தக் கணக்கு. வாழும்போது தனிச்சேரி, செத்தால் தனிச்சுடுகாடு என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அரசே கணக்கெழுதி வைத்திருக்கிறது. தீண்டாமை பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த நோய், சோழர் காலத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஒருமுறை அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படித்துவிட்டு வந்து முழங்கட்டும்.

கல்கி 1950 முதல் 1954 வரை தன் பத்திரிகையில் பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதினார். நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்து எழுதியவர் அவர். சோழர் கல்வெட்டுகளில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் இல்லை. வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரையில் தொடங்கும் கதை சோழ நாடு முழுக்கப் போகிறது, கடல் தாண்டி இலங்கைக்கும் போகிறது. ஆற்றங்கரை, சத்திரம், கோட்டை, சுரங்கவழி, புத்த விகாரம் எல்லாம் வருகின்றன. தீண்டாச்சேரி மட்டும் கதை நடக்கும் இடமாக வரவே இல்லை.

“கதாசிரியருக்குக் கற்பனை உரிமை உண்டே” என்பார்கள். உண்டு. அந்த உரிமையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். நந்தினி கற்பனை. பூங்குழலி கற்பனை. ஆழ்வார்க்கடியான் கற்பனை. கல்வெட்டில் இல்லாத ஒரு பெண்ணைப் படைத்து, அரண்மனைச் சதி முழுவதையும் அவள் தலையில் ஏற்றி, வாசகரைப் பல ஆண்டுகள் கட்டிப்போட முடிந்தது. கல்வெட்டிலேயே இருக்கிற சேரியிலிருந்து ஓர் ஆளைப் படைத்து உள்ளே நடத்திவர முடியவில்லை. இங்கே ஆதாரத்துக்குப் பஞ்சம் இல்லை. கற்பனைக்கும் பஞ்சம் இல்லை. அந்தக் கற்பனை ஊரைத் தாண்டிச் சேரிப்பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

திரும்பச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 ஜூனில் திருப்பனந்தாளில் நடந்த கூட்டத்தில் இராசராசன் காலத்து நில உரிமை பற்றி இயக்குநர் பா. இரஞ்சித் பேசினார். வழக்குப் போட்டார்கள். ஒரு மன்னனின் ஆட்சியை விமர்சித்ததற்காக, அவன் காலமாகி ஆயிரம் ஆண்டு கழித்து வழக்கு! மன்னனைப் புகழ்ந்து எதை எழுதினாலும் அது இலக்கியம். நிலம் யாரிடம் இருந்தது என்று கேட்டால் அது குற்றம். “கதைதானே” என்று நம்மிடம் சொல்கிறவர்கள் அதை வெறும் கதையாக நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் ஊர்க் கதை

தஞ்சையை விடுங்கள், நம் ஊருக்கு வருவோம். 2006-இல் அரசு ஆவணங்களில் பாண்டிச்சேரி என்ற பெயரை மாற்றிப் புதுச்சேரி என்றார்கள். சரியான பெயர். அந்தப் பெயரிலேயே சேரி இருக்கிறது. பழைய தமிழில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழர் காலப் பிராமண ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். பிறகு எல்லாரும் அந்தச் சொல்லிலிருந்து வெளியேறி அக்கிரகாரம், ஊர், நகர் என்று போனார்கள். நம்மை மட்டும் அதற்குள் விட்டுவிட்டு அதை வசைச்சொல் ஆக்கினார்கள். இன்று மாநிலத்தின் பெயரைப் பெருமையோடு சொல்லும் அதே வாய், கோபம் வந்தால் “சேரிப்புத்தி” என்கிறது.

பாகூரின் பெருமை என்று எந்த விழாவிலும் முதலில் பேசப்படுவது பாகூர்ச் செப்பேடு. 1879-இல் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு அது. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பவை அந்த மூன்று ஊர்கள். “ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னாலேயே எங்கள் பாகூரில் கல்லூரி இருந்தது” என்று பேச்சாளர் சொல்வார், கைதட்டுவோம். அந்தக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தவர்கள் மூன்று ஊர் விளைச்சலில் சாப்பிட்டார்கள். சேற்றில் இறங்கி அதை விளைவித்தவர்கள் யார், அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்ததா என்று நான் கேட்ட எந்த மேடையிலும் ஒருவரும் பேசவில்லை. இன்றும் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். களஞ்சியத்தின் பெருமை ஊருக்கு, களத்துமேட்டு வேலை காலனிக்கு.

அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆட்சியில் துபாஷாக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நம் ஊரின் பொக்கிஷம் என்கிறார்கள். பொக்கிஷம்தான், மறுக்கவில்லை. துய்ப்ளேக்சின் தர்பார், கப்பல் வரவு, மாலை மரியாதை எல்லாம் அதில் இருக்கின்றன. அதே நாட்குறிப்பில் நாம் இரண்டு செய்திகளைப் படிக்க வேண்டும்.

ஒன்று, 1743-ஆம் ஆண்டுச் செய்தி. ஏழை எளிய சனங்களை ஏமாற்றிப் பிடித்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கும்பல் பிடிபட்டதை அவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது, 1745 அக்டோபர் செய்தி. புதுச்சேரி மாதாகோயிலில் பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பறையர் நின்று தொழவேண்டும், இந்தப் பக்கம் மற்றவர்கள். பறையர் கிறித்தவர்கள் ஒன்றுசேர்ந்து பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்தவேண்டாமா என்று நியாயம் கேட்டார்கள். பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். அடுத்து சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள் தோழர்களே. 1745. பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டு முன்னால். அண்ணல் பிறப்பதற்கு 146 ஆண்டு முன்னால். நம் பறைச்சேரிக்காரர்கள் கூட்டமாகப் போய்ச் சமத்துவம் கேட்டு ஒரு தீண்டாமைச் சுவரை இடிக்க வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியவர் யாரும் அதை எழுதிவைக்கவில்லை, சாதிப்பெருமை நிறைந்த ஒரு துபாஷ் எழுதிவைத்தார். இதைவிட ஒரு வரலாற்று நாவலுக்கு என்ன கரு வேண்டும்? 2008-இல் உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது நாம் கொண்டாடினோம். அதற்கு 263 ஆண்டு முன்னால் நம் ஊரில் இடிபட்ட சுவர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை அடித்தளமாக வைத்து மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்ற இரண்டு நாவல்களை எழுதினார். வானம் வசப்படும் நாவலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அரண்மனை மோகத்திலிருந்து தமிழ் வரலாற்று நாவலை இறக்கிவைத்தவர் அவர். அதற்காக அவரை மதிக்கிறேன். நம் ஊர்க்காரர் என்ற உரிமையோடு ஒன்றையும் சொல்வேன். பிள்ளையின் நாட்குறிப்பை நம்பி எழுதினால், பிள்ளை வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிகிற ஊர்தான் பெரும்பாலும் தெரியும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் நின்றவர்களின் கண்ணிலிருந்து புதுச்சேரியைப் பார்க்கும் நாவல் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். பிரபஞ்சன் பாதி தூரம் வந்தார், மீதி தூரம் நம்முடையது.

அடிமையாகவும் பிறகு ஒப்பந்தக் கூலியாகவும் கடல் தாண்டியவர்களின் கதையும் அப்படித்தான். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அதில் நம் சனம் ஏராளம். கடற்கரைச் சாலையின் வெள்ளைக் கட்டடங்களுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறோம். அந்தக் கடலில் போனவர்களுக்கு நம் பாடப்புத்தகத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கீழூருக்கும் ஒருமுறை போய்வாருங்கள். வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-இல் அங்கேதான் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 178 பேர், எல்லாரும் மக்கள் பிரதிநிதிகள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிர்த்து 8 பேர். நினைவுச்சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-இல் கொடியேற்றுகிறார்கள். நம் விடுதலை வரலாறு அந்த எண்களோடு முடிந்துவிடுகிறது. அன்றைக்குச் சுற்றியிருந்த வயல்களில் யார் யாரிடம் படியாளாக இருந்தார்கள், 1954 நவம்பர் 1-க்குப் பிறகு அவர்களின் கூலி ஒரு மரக்கால் கூடியதா என்பதை எழுத ஒரு கல் நடப்படவில்லை.

நந்தனுக்கு என்ன செய்தார்கள்

“அப்படியானால் கற்பனையே கூடாதா, எல்லாவற்றையும் கல்வெட்டாகவே எழுத வேண்டுமா?” என்று கேட்பீர்கள். கூடும். கற்பனை யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. நந்தனை எடுத்துக்கொள்வோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் நந்தனார் வருகிறார். அங்கே அவரைப் பாடாய்ப் படுத்தும் பண்ணையார் கிடையாது. 1860-களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதினார். அதை அச்சேற்ற உதவியவர் காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர். நம் மாநிலத்துக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. நந்தனைச் சிதம்பரம் போகவிடாமல், வயலை முடி என்று விரட்டும் வேதியர் என்ற நிலக்கிழார் பாரதியின் கற்பனை. பிறகு கதாகாலட்சேபம், நாடகம், சினிமா எல்லாம் அந்தக் கற்பனையின் மேல்தான் நின்றன. இன்று யாரைக் கேட்டாலும் வேதியர் பெரியபுராணத்திலேயே இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வேதியர் கற்பனை, ஆனால் அவர் காட்டும் பண்ணையடிமைத்தனம் நிஜம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவிரிக்கரையில் பாரதி கண்ணால் பார்த்த உலகம் அது. புராணம் மறைத்த நில உறவை ஒரு கற்பனைப் பாத்திரம் வெளியே கொண்டுவந்தது. அதே கீர்த்தனை, முடிவில் நந்தனைத் தீயில் இறக்கிப் புனிதப்படுத்தித்தான் கோயிலுக்குள் விடுகிறது. பறையனாக உள்ளே போக முடியாது, எரிந்து வேறு ஆளாகத்தான் போகலாம் என்ற தீர்ப்பை அது மாற்றவில்லை. ஒரே படைப்பில் ஒரு கற்பனை உண்மையைத் திறக்கிறது, இன்னொன்று மூடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

அந்தக் கண்ணை நமக்குக் கொடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907-இல் ஒரு பைசாத் தமிழன் பத்திரிகையைத் தொடங்கி, இந்திரர் தேச சரித்திரம் எழுதி, நந்தனைத் தீயில் இறங்கிய பக்தனாகப் பார்க்க மறுத்தார். அவன் பௌத்த அரசன், வஞ்சகத்தால் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். அவர் சொன்ன ஒவ்வொரு செய்திக்கும் கல்வெட்டு காட்ட முடியாது. அவரிடமிருந்து நாம் எடுக்கவேண்டியது அவருடைய துணிச்சல். “என் முன்னோனைப் பற்றி நீ சொல்லும் கதையை நான் ஏன் நம்பவேண்டும்?” என்று நூறாண்டுக்கு முன்னால் கேட்டாரே, அந்தக் கேள்வி.

நம்மைப் பற்றி எழுதிவிட்டாலே நமக்காக எழுதியதாகிவிடாது என்பதற்குக் கீழ்வெண்மணி சான்று. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வுக்கும் சங்கத்துக்கும் எதிரான கொலை அது. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி குருதிப்புனல் எழுதினார், 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்த நாவலில் நிலக்கிழாரின் ஆண்மைக்குறைவும் அதனால் வந்த மனவக்கிரமும் கொலைக்குக் காரணமாக முன்னுக்கு வருகின்றன. கூலி பின்னுக்குப் போய்விடுகிறது, நிலம் பின்னுக்குப் போய்விடுகிறது. 44 பேர் செத்தது ஓர் ஆளின் மனநோயாகச் சுருங்கிவிடுகிறது. சோலை சுந்தரபெருமாளின் செந்நெல்லை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், வித்தியாசம் தெரியும்.

நாவலாசிரியரை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. அவ்வளவு வசதியான மிராசுதாரர்கள் ஆள் வைத்துச் செய்யாமல் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. சொல்லுங்கள், இது கற்பனை இல்லையா? பணக்காரன் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று ஒரு நீதிபதி கற்பனை செய்தார். அந்தக் கற்பனைக்கு அரசு முத்திரை இருந்தது. “கதைதானே” என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். இந்த நாட்டில் யாருடைய கற்பனை தீர்ப்பாகிறது, யாருடைய சாட்சியம் கதையாகிறது என்பதைச் சாதிதான் முடிவுசெய்கிறது.

தாத்தாவுக்குத் தாள் இருக்கிறதா?

இதெல்லாம் படித்தவர்களின் வாதம், நம் சனத்துக்கு இதனால் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகளின் ஆணை 1964 மார்ச்சில் வந்தது. நம் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், உன் குடும்பம் 1964-க்கு முன்னாலேயே இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்கிறார்கள். பூர்வீகம் என்றால் ஒரு வழி, குடிபெயர்ந்தவர் என்றால் வேறு வழி. புதுச்சேரி நிலப்படத்தைப் பாருங்கள். பாகூரும் வில்லியனூரும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகச் செருகிக் கிடக்கின்றன. ஒரு வரப்பு இங்கே, அடுத்த வரப்பு அங்கே. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது, நாற்று நடப் போவது எல்லாம் எல்லை பார்த்தா நடந்தது?

பாகூர் கொம்யூனில் நான் வேலை செய்யும் ஊரொன்றில் ஓர் அம்மா, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஓர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடந்தார். அவருடைய மாமனார் அந்த ஊர் ஏரிக்கரையில் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க ஒரே குடும்பத்துக்குப் படியாளாக உழைத்தவர். அதை ஊரே சொல்லும். தாள் மட்டும் இல்லை. நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். பள்ளிக்கூடம் போயிருந்தால் பதிவேடு இருக்கும். நிலமும் கொடுக்காமல் பள்ளிக்கூடமும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, இப்போது தாளைக் கொண்டுவா என்கிறது அரசு. இராசராசனுக்குப் பிறந்தநாள் கொண்டாடத் தேதி இருக்கிறது. அந்த அம்மாவின் மாமனாருக்குத் தான் பிறந்த ஊரில் பிறந்ததற்கே சான்று இல்லை. வரலாறு எழுதப்படாமல் போனால் நமக்கு நட்டம் பெருமையில் இல்லை, கல்லூரி இடத்தில் வருகிறது, மனைப்பட்டாவில் வருகிறது.

நமக்கும் ஒரு ராஜா வேண்டாம்

இப்போது நம் ஆட்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசிச் சதயத்துக்கும் இராசராசன் எங்கள் சாதி என்று பல சாதிச் சங்கங்கள் பேனர் வைக்கின்றன. அதைப் பார்த்து நம் இளைஞர்களிலும் சிலர், நாங்களும் ஆண்ட பரம்பரைதான் என்று வாளும் புலியும் போட்டு ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள். கோபம் புரிகிறது. காலமெல்லாம் தலைகுனியச் சொன்னவன் முன்னால் கிரீடம் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

அந்தக் கிரீடத்தைக் கழற்றி வையுங்கள் தோழர்களே. ஆண்டவனுக்குத்தான் மரியாதை, உழைத்தவனுக்கு இல்லை என்பது அவர்களுடைய விதி. அந்த விதியை ஒப்புக்கொண்டுதான் நாமும் ராஜா தேடுகிறோம். தீண்டாச்சேரியை எழுதிவைத்தவனின் வாரிசு என்று நாம் சொல்லிக்கொண்டால், தீண்டாச்சேரியில் இருந்தவர்களுக்கு யார் வாரிசு? ஆதாரம் இல்லாமல் நாம் ஒரு ராஜாவை உருவாக்கினால், நாளைக்கு ஆதாரத்தோடு 1745-ஐச் சொல்லும்போதும் “இதுவும் அப்படித்தான்” என்று தள்ளிவிடுவார்கள். பொய்யான கிரீடத்துக்காக நிஜமான போராட்டத்தைப் பலி கொடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

எழுதுங்கள். வரலாறாகவும் எழுதுங்கள், கதையாகவும் எழுதுங்கள். அதற்கு முதலில் கொஞ்சம் கால்நடை வேலை இருக்கிறது.

புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளைப் பாகூர் சு. குப்புசாமி தொகுத்திருக்கிறார், 2006-இல் வெளிவந்தது. பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்தில் உட்கார்ந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். நிலம் கொடுத்தவன் பெயரோடு நிறுத்தாதீர்கள். எல்லை சொல்லும் வரிகளில்தான் சேரியும் சுடுகாடும் ஒளிந்திருக்கும்.

பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பாருங்கள். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் ரெனோன்சான் எனப்பட்டார்கள். குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அவர்களில் தலித்துகள் கணிசமானோர். சாதியைக் காட்டிக்கொடுத்த பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப்பெயர் வைத்துக்கொண்ட அந்த நாளில், வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? பதிவேடு அதைச் சொல்லாது. கதை எழுதுகிறவர் அங்கேதான் தொடங்க வேண்டும்.

காலனியில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். யாரிடம் படியாளாக இருந்தார்கள், கூலி எந்தப் படியால் அளக்கப்பட்டது, பிணம் எந்த வழியாகப் போனது, எந்தக் கிணற்றில் முதலில் இறங்கி அடி வாங்கியவர் யார் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். தேதி, இடம் எழுதிவையுங்கள். பெயர் போட அவர்கள் சம்மதித்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அவசரம், ஏனென்றால் கீழூர் வாக்கெடுப்பு நடந்தபோது பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதுக்கு மேல்.

கதையாக எழுதும்போது ஒரு நேர்மை வேண்டும். இதுவரை ஆவணம், இதற்கு மேல் என் கற்பனை என்று முன்னுரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். அரண்மனைக் கதைக்காரர்களிடம் நாம் கேட்பதை நாம் முதலில் செய்வோம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் நாம் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல். அவர்களில் இருபது பேர் ஆளுக்கொரு ஊரை எடுத்துக்கொண்டாலே இரண்டு கொம்யூன்களில் நல்ல தொடக்கம் கிடைத்துவிடும்.

வில்லியனூரிலோ பாகூரிலோ இருக்கும் தோழர்கள் இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே தொடங்குங்கள். முதல் ஆளாக உங்கள் சொந்தப் பாட்டியிடம் போங்கள். சான்றிதழுக்கு ஆதாரம் கேட்டு உங்கள் தங்கை நிற்கும் நாளில், நீங்கள் எழுதிவைத்த தேதியும் ஊர்ப்பெயரும் எந்தப் பதிவேட்டைத் தேடிப் போகவேண்டும் என்பதையாவது காட்டும்.

ஜெய்பீம்.